வாசலில் கழற்றி வைத்த கால்

திருப்பதியில் ஒரு கல்லூரியில் பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஒருத்தர் எப்படி நடக்கிறார், எப்படி உட்கார்ந்து எழுகிறார், எந்தத் தசை வேலை செய்கிறது, எது சும்மா இருந்துகொண்டு பக்கத்துத் தசையை வேலை வாங்குகிறது என்று பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவது என் பொறுப்பு. முதலில் பார்க்க வேண்டும், கை வைப்பதெல்லாம் அப்புறம். பார்க்கத் தெரியாதவன் கை வைத்தால் நோயாளிக்கு வலிதான் மிச்சம். இதை வருஷா வருஷம் முதல் வகுப்பிலேயே தொண்டை கிழியச் சொல்கிறேன். பிள்ளைகளும் பயபக்தியோடு எழுதிக்கொள்கிறார்கள். எழுதிக்கொள்வதோடு சரி.

கடைசி வருஷப் பிள்ளைகளுக்குப் பயிற்சி சித்தூரில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். அவர்கள் ஹாஸ்டல் வேனில் போய்விடுவார்கள், நான் பஸ் பிடித்துப் போவேன். அந்தப் பிசியோதெரபி பிரிவுக்கு நான் புதுசு. அதன் ஹெச்ஓடி நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவருடைய பெரிய சாதனை என்று முதல் நாளே எனக்குக் காட்டப்பட்டது தரை. வெள்ளை வெளேரென்று டைல்ஸ், சுவரில் பெருமாள் படம், படத்துக்குத் தினமும் பூ. வாசலில் தெலுங்கிலும் தமிழிலும் போர்டு: செருப்பை வெளியே விடவும். யாரும் செருப்போடு உள்ளே போகாமல் பார்க்க ஒரு ஆயம்மா, ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். கோவிலுக்குப் போகிற மாதிரி ஜனங்கள் செருப்பைக் கழற்றி ரேக்கில் வைத்துவிட்டு உள்ளே வருவார்கள். நம் பக்கத்தில் இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. வீடானாலும் கிளினிக்கானாலும் வாசலைக் கண்டால் கால் தானாகச் செருப்பை விட்டுவிடும்.

அங்கே வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். குடிபாலா பக்கத்துக் கிராமம், தமிழ் பேசுகிற குடும்பம். அவள் நைனா காலம் வரைக்கும் ஊரார் நிலத்தில் கூலி, இப்போது கொஞ்சம் சொந்த நிலம், மிச்சத்துக்குக் கூலி. மாங்காய்க் காலத்தில் புத்தலப்பட்டு ரோட்டில் இருக்கும் ஜூஸ் ஃபேக்டரியில் பழம் அறுக்கிற வரிசையில் நிற்பாள். அந்த சீசன் சம்பளத்தில்தான் அந்த வீடு வருஷம் பூராவும் ஓடுகிறது. போன வருஷக் கடைசியில் கூலி ஆட்களை அடைத்துக்கொண்டு போன ஷேர் ஆட்டோ கவிழ்ந்து, முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. முட்டிக்கு வெளிப்பக்கமாக ஓடுகிற நரம்பு மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. அதனால் வலது பாதம் மேலே தூக்காது. காலை எடுத்து வைக்கும்போது முன்பாதம் தொங்கி, தரையில் தேய்ந்துகொண்டு வரும். எந்த நேரமும் தடுக்கி விழலாம்.

இதற்கு ஸ்பிளின்ட் இருக்கிறது. கெண்டைக்கால் பின்புறத்திலிருந்து உள்ளங்கால் வரை வருகிற பிளாஸ்டிக் பட்டை. அது பாதத்தைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். அவளுக்கும் அளவெடுத்துக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தும் புண்ணியமில்லை என்றது கேஸ் ஷீட். முந்தின பேட்ச் பிள்ளைகள் எழுதி வைத்திருந்தார்கள்: ஸ்பிளின்ட் அணிவதில்லை, ஒத்துழைப்பு இல்லை. அடுத்த பேட்சும் அதையே பார்த்து எழுதியிருந்தது. என் பிள்ளைகளும் அதே வரியை அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் அப்போது அவள் மேல்தான் சந்தேகம் இருந்தது. சில பேர் அப்படித்தான், கொடுத்ததைப் பரணில் போட்டுவிட்டு எண்ணெய் தேய்ப்பார்கள் என்று நினைத்தேன்.

சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை ஃபேக்டரி சூப்பர்வைசர், ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கலாம், நிற்கலாம் என்று எழுதி வாங்கி வந்தால்தான் சேர்ப்பேன் என்று சொல்லிவிட்டாராம். முதல் நாள் வராதவளின் இடத்துக்கு வேறு மண்டலத்திலிருந்து ஆள் தயாராக நிற்கிறது. அந்தக் காகிதத்தை ஹெச்ஓடிதான் தர வேண்டும். அவரோ, முதலில் ஸ்பிளின்ட் போடட்டும், ஒத்துழைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்.

ஒரு நாள் மழை. பாகாலா ஊரைத் தாண்டி பஸ் நின்று நின்று போனதில் எனக்கு நேரமாகிவிட்டது. பிள்ளைகள் எனக்கு முன்பே உள்ளே போய்விட்டிருந்தார்கள். குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது ரேக்கைப் பார்த்தேன். ஈரமான ரப்பர் செருப்புகளுக்கு நடுவில் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ, ஆம்பிளை சைஸ், மேலே ஒட்டுப் பட்டை. வலது ஷூவுக்குள் ஸ்பிளின்ட் செருகியபடியே நின்றுகொண்டிருந்தது. கெண்டைக்கால் பட்டை வியர்வையில் கறுத்து, ஓரம் தேய்ந்து, ஒரு இடத்தில் பழைய துணி சுற்றித் தைத்திருந்தது. தினமும் போட்டு நடக்கிறவர்களின் ஸ்பிளின்ட்தான் அப்படி இருக்கும்.

உள்ளே போனேன். அந்தப் பெண் கட்டிலில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். என் மாணவி ஒருத்தி பாதத்தின் கோணத்தை அளந்துவிட்டு, கேஸ் ஷீட்டைப் பார்த்து கணீரென்று படித்தாள்: "பேஷன்ட் ஸ்பிளின்ட் வேஸ்கோவட்லேது மேடம்." போட்டுக்கொள்வதில்லையாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குத் தெலுங்கு போய்விடும், தமிழ்தான் வரும். அந்த மாணவியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். ரேக்கைக் காட்டினேன். இது என்ன என்றேன். ஸ்பிளின்ட் என்றாள். யாருடையது என்றேன். உள்ளே கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காலையில் இதைத் தாண்டித்தானே உள்ளே போனாய் என்றேன். ஆமாம் மேடம் என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. அவள் மட்டுமா? இரண்டு பேட்ச் பிள்ளைகள், டாக்டர்கள், ஹெச்ஓடி, எல்லோரும் இந்த ரேக்கைத் தாண்டி உள்ளே போய், வெறுங்காலைப் பார்த்து, இவள் ஸ்பிளின்ட் போடுவதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கழற்றச் சொன்னதும் நாம், கழற்றிவிட்டாய் என்று குற்றம் எழுதுவதும் நாம். எந்த ஊர் நியாயம் இது?

ஷூ இல்லாமல் ஸ்பிளின்டை மட்டும் மாட்டிக்கொண்டு அந்த டைல்ஸில் நடக்க முடியாது, பிளாஸ்டிக் வழுக்கி ஆளைத் தள்ளிவிடும். அதனால் அவள் ஒவ்வொரு தடவையும் வாசலில் இரண்டையும் சேர்த்துக் கழற்றியிருக்கிறாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு, தொங்குகிற பாதத்தை இழுத்துக்கொண்டு, பளிங்கு மாதிரித் தரையில் கட்டில் வரைக்கும் வந்திருக்கிறாள். கவிழ்ந்த ஆட்டோவில் தப்பித்தவள் எங்கள் டைல்ஸில் இடுப்பு உடையாமல் தப்பித்தது அவள் அதிர்ஷ்டம்.

ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை போல, அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள். உட்காரச் சொன்னேன்.

"இன்னா மேடம் சொல்றது? கழட்டிட்டு வான்னாங்க, கழட்டிட்டு வந்தேன். ஏன் போடலன்னு கேட்டாங்க. போட்டுக்கினுதான் கீறேன்னு சொன்னேன், அந்தப் பொண்ணு சிரிச்சிச்சி. மறுபடி சொன்னா சண்டைக்கு நிக்கிறா மாதிரி ஆயிடும்னு வுட்டுட்டேன். எனக்கு அந்தக் காயிதம் வோணும்ல."

இதைச் சொல்லும்போது அவள் கண் என் காலுக்குப் போய்த் திரும்பியது. அப்போதுதான் கவனித்தேன், என் காலில் ஷூ இருந்தது. பிள்ளைகள் காலில் இருந்தது. ஹெச்ஓடி காலில், முகம் பார்க்கலாம் போல பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. ஆயம்மா எங்கள் யாரையும் தடுத்ததில்லை. போர்டில் யாருக்கு என்று எழுதவில்லை, ஆனால் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் நேராக அவர் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சுத்தம், கிருமி, ஒழுங்கு என்று நிதானமாகத் தெலுங்கில் பாடம் எடுத்தார். வெளியிலிருந்து சேறும் சாணியுமாக வருவார்கள், உங்களுக்குத் தெரியாது என்றார். எனக்குத் தெரியாதாம்! நகரி பக்கத்தில் கரும்புக் கொல்லைச் சேற்றில் நடந்து பள்ளிக்கூடம் போனவள் நான். சேற்றைத் துடைக்க வாசலில் ஒரு சாக்குப் போடலாமே சார், துடைத்துவிட்டு வரட்டுமே என்றேன். ஒரு பேஷன்டுக்காக ரூலை மாற்ற முடியாது என்றார். ஸ்பிளின்டை வேண்டுமானால் கையில் எடுத்துக்கொண்டு வந்து காட்டட்டும் என்று ஒரு சலுகையும் கொடுத்தார். கையில் எடுத்து வருவதற்கு அது என்ன அர்ச்சனைத் தட்டா?

சரி, உங்கள் அறை உங்களுக்கு என்று விட்டேன். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வகுப்பு பின்கட்டில், கேண்டீன் பாத்திரம் கழுவுகிற இடத்தில். சிமெண்ட் தரை, எப்போதும் ஈரம், லேசான சரிவு. ஜூஸ் ஃபேக்டரித் தரையும் அப்படித்தான் இருக்கும், பழச்சாறும் தண்ணீருமாக. அந்தப் பெண்ணை ஷூவும் ஸ்பிளின்டும் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். புடவையை முட்டிக்குக் கீழே கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொன்னேன், இல்லாவிட்டால் பிள்ளைகள் கால் நடையைப் பார்க்காமல் புடவை நடையைத்தான் பார்ப்பார்கள். அவள் கூசவே இல்லை, நாற்று நடப் போகிறவள் மாதிரிச் சட்டென்று செருகிக்கொண்டாள். கூசியது என் பையன்கள்தான். குனிந்து பாருங்கடா, கண்ணைக் காலில் வையுங்கள் என்று அதட்டினேன்.

நடந்தாள். குதிகால் முதலில் ஊன்றியது. முன்பாதம் தேயவில்லை. தடுக்கிவிடுமோ என்று முட்டியை எக்கித் தூக்கவும் இல்லை. பேட்ச் பேட்சாகப் பிள்ளைகள் கட்டிலில் வைத்து அவள் பாதத்தை மாதக்கணக்கில் அளந்திருக்கிறார்கள், இந்த நடையை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. பால் பாக்கெட் வருகிற கிரேட்டில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக் கொடுத்தேன். தூக்கிக்கொண்டு நடந்தாள், திரும்பினாள், குனிந்து வைத்தாள். அந்தக் காலில் இன்னும் பலம் குறைவுதான். வெகுநேரம் நின்றால் இடுப்பைச் சாய்த்துக்கொள்கிறாள். அதற்கு என்ன செய்யலாம் என்று அங்கேயே பிள்ளைகளைச் சொல்லச் சொன்னேன். கணீரென்று படித்தாளே அந்த மாணவி, அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் பதில் சரியாகச் சொன்னாள். அழுவதற்கு நேரமில்லை, நாளையிலிருந்து இவளுக்கு நீதான் எக்சர்சைஸ் என்றேன்.

ஃபேக்டரியில் கம்பூட்ஸ், அதாவது முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ், போட வேண்டும் என்று அப்புறம்தான் அவள் சொன்னாள். இதையும் யாரும் கேட்டதில்லை. அவள் வீட்டுக்காரர் ஒரு ஜோடி இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். ஸ்பிளின்ட் அதற்குள் போகவில்லை. ஒரு சைஸ் பெரியது வாங்கி, உள்ளே இருந்த அட்டையை உருவி எடுத்ததும் போயிற்று. அந்தப் பூட்ஸோடு பாத்திரம் கழுவுகிற இடத்தில் தினமும் நடை. கேண்டீன்காரர் முதலில் முணுமுணுத்தார், அப்புறம் அவரே தரையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் காகிதத்தைத் தயார் செய்து ஹெச்ஓடியிடம் கொண்டுபோனேன். அவளும் கூட வந்தாள், அறை வாசலில் நின்றாள். படித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, நானும் ஒரு தடவை பார்க்க வேண்டும், கழற்றிவிட்டு உள்ளே வந்து நடந்து காட்டச் சொல்லுங்கள் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் அந்த மனிதருக்கு அது அவ்வளவு இயல்பாக வந்தது. அவள் அதைக் கேட்டதும் ஒட்டுப் பட்டையைப் பிரிக்கக் குனிந்துவிட்டாள். காகிதம் வேண்டுமே.

"இருங்கம்மா, கழட்டாதீங்க," என்றேன். அவர் பக்கம் திரும்பி, "சார், நீங்க முதல்ல உங்க ஷூவைக் கழட்டுங்க. நானும் கழட்டறேன். அப்புறம் அவங்க கழட்டட்டும்," என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும், சித்தூரில் புரியாதவர் யார்?

அவர் முகம் சிவந்தது. பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். பார்க்க வேண்டும் என்று சொன்ன மனிதர் அவள் காலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முத்திரையைக் குத்திக் காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு போனை எடுத்துக்கொண்டார். பிசியோதெரபியில் பெரிய படிப்புப் படித்தவர், கோணமானி பிடித்துத் தலைமுடி நரைத்தவர். இவர் பார்க்காத கால்களைப் பார்க்க நான் யாரையெல்லாம் பழக்க வேண்டும்?

அவள் மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், சித்தூரிலிருந்து திரும்பும் வழியில் புத்தலப்பட்டுக்கு முன்பே அந்த ஃபேக்டரி ஸ்டாப்பில் இறங்கினேன். வேலை செய்து களைத்த பிறகு அந்தக் கால் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஷிப்ட் விட்டது. தோத்தாபுரி மாம்பழ வாசனையோடு பெண்கள் கூட்டமாக வந்தார்கள், ஒரே மாதிரிப் பூட்ஸ், தலையில் ஒரே மாதிரித் துணித் தொப்பி. நான் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நடையை வைத்து ஆளைச் சொல்கிற எனக்கு அவள் நடை அகப்படவில்லை. அவளாகத்தான் வந்து என் தோளைத் தொட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தை அவளிடம் காட்டாமல், இடுப்புச் சாய்கிறதா, பட்டை உரசுகிறதா என்று அதட்டலாகக் கேட்டேன்.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "மேடம், ஒரு நிமிசம் இருங்க, போய்டாதீங்க," என்று உள்ளே போனாள். கூடவே ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெளி முற்றத்தில் கொட்டை பிரிக்கிற வேலை, உட்கார்ந்து செய்வது, சம்பளம் குறைச்சல். முன்பு அந்த அம்மாவும் அறுக்கிற வரிசையில் நின்றவர்தானாம். தூரத்தில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது பாதம் தொங்கியது. ஒவ்வொரு அடிக்கும் செருப்பின் முனை மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது.

இவர்களுக்கும் நம் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தார்கள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றாள் என் பேஷன்ட். ஸ்பிளின்ட் கொடுக்கவில்லையா என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"குடுத்தாங்கமா. ஆஸ்பத்திரி வாசல்ல கழட்டி வெச்சிட்டு உள்ள போய்ட்டு வந்தேன், காணோம். எவனோ ஷூவோட சேத்து எடுத்துக்கினு போய்ட்டான். அடுத்த வாட்டி போனா, ஏன் போடலன்னு திட்டினாங்க. அப்பால நான் போறதே இல்ல."

தொலைந்துவிட்டது என்று சொல்லக்கூடாதா என்று கேட்க வாயெடுத்தேன். சொன்னால் மட்டும் யார் நம்பியிருக்கப்போகிறார்கள்? இரண்டு வருஷமாக இந்த அம்மா பாதத்தை மண்ணில் இழுத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கேஸ் ஷீட்டிலும் அதே வரி இருக்கும், அழகான கையெழுத்தில். இன்னும் எத்தனை பேருடையதில் இருக்கிறதோ.

திருப்பதி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்தார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பஸ் ஸ்டாப்புத் திட்டில் அந்த அம்மாவை உட்கார வைத்து, நான் எதிரில் மண்ணில் உட்கார்ந்து, காலை என் மடியில் வைக்கச் சொல்லிக் கையை நீட்டினேன். அவர் காலைத் தூக்குவதற்கு முன்னால் அவசர அவசரமாகச் செருப்பைக் கழற்றி, யார் கண்ணிலும் படாமல் திட்டுக்கு அடியில் தள்ளினார்.

"அய்யோ, கழட்டாதீங்கம்மா!" என்று கத்திவிட்டேன்.

அந்த அம்மா சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். திட்டுக்கு அடியில் கைவிட்டு அந்தச் செருப்பை எடுத்து, மண்ணைத் தட்டி, நானே அவர் காலில் மாட்டினேன். மாட்டி முடிக்கும்வரை அவர் எழுந்து போய்விடத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.